ஒருமுறை வந்து நின்ற ரத்தம்: சிறுநீர்ப்பைப் புற்றுநோய் குறித்த வாசகர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

சென்ற இதழில் சிறுநீர்ப் பரிசோதனை பற்றி எழுதிய குறிப்பில், சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியவை. மாதக்கணக்கில் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைப் பலர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 63. மூன்று மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலையில் சிறுநீர் முழுவதும் சிவப்பாகப் போயிற்று. வலியோ எரிச்சலோ துளியும் இல்லை. உடல் சூடாக இருக்கும் என்று நினைத்து நிறையத் தண்ணீர் குடித்தேன். மறுநாள் மாலைக்குள் தெளிந்துவிட்டது. அதன்பின் இன்றுவரை ஒன்றுமில்லை. என் மகள் மட்டும் டாக்டரைப் பாருங்கள் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நின்றுபோன ஒன்றுக்காக இப்போது போய் என்ன சொல்வது?

பதில்: எனக்கு எழுதியிருக்கும் இதே நாலு வரியை மருத்துவரிடமும் சொல்லுங்கள், அது போதும். உங்கள் மகள் சொல்வதே சரி, இந்த வாரமே போங்கள்.

ரத்தம் நின்றுவிட்டது என்பதையும் வலி இல்லை என்பதையும் ஆறுதலாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருபவை அந்த இரண்டும்தான். சிறுநீரகக் கல் வலிக்கும்; கிருமித் தொற்று எரியும். சிறுநீர்ப்பையில் தோன்றும் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை, ரத்தத்தை மட்டும் காட்டுகிறது, அதையும் தொடர்ந்து காட்டுவதில்லை. உள்நோக்கிக் கருவியின் திரையில் அந்தக் கட்டியைப் பார்த்தால் காரணம் விளங்கும்: ஒரு மெல்லிய காம்பின் மேல், நீருக்குள் அசையும் பாசியைப் போல, நூல் நூலாகக் கிளைத்த இளஞ்சிவப்பு இழைகள் ஆடிக்கொண்டிருக்கும், ஒவ்வோர் இழைக்குள்ளும் மிக மெல்லிய ரத்தக்குழாய் ஒன்று ஓடும். சிறுநீர்ப்பை சுருங்கும்போது ஓர் இழையின் நுனி முறிந்தால் ரத்தம் கசியும், பிறகு அந்த இடம் உறைந்து அடைபட்டுக் கசிவு நிற்கும். கட்டியோ இருந்த இடத்திலேயே இருந்து வளர்ந்துகொண்டிருக்கும். நீங்கள் தண்ணீர் குடித்ததால் சிறுநீரின் நிறம் நீர்த்திருக்கலாம்; கட்டி இருக்குமானால் தண்ணீர் அதை ஒன்றும் செய்திருக்காது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெரியவர், வாழ்நாள் முழுவதும் கணக்கு எழுதியவர், சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய நாட்குறிப்பை எடுத்துப் பிரித்துக் காட்டினார். மூன்று தேதிகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருந்தார். முதல் வட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையே ஐந்து மாதம், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே ஏழு வாரம். வலி வந்தால் போகலாம் என்று காத்திருந்ததாகச் சொன்னார். அவ்வளவு ஒழுங்காகத் தேதி குறித்தவர், முதல் தேதியன்றே வந்திருந்தால் சிறுநீர்ப்பையின் உள்படலத்தோடு முடிந்திருக்கக்கூடிய நோய், அவர் வந்தபோது தசைக்குள் இறங்கியிருந்தது. அந்த நாட்குறிப்பின் பக்கம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அச்சுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. கண்ணுக்குத் தெரியும்படி சிறுநீரில் ரத்தம் வந்தவர்களில் பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. கல், தொற்று, புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே உள்ள சுரப்பி) வீக்கம் போன்றவையே காரணமாக இருக்கும். பீட்ரூட் சாப்பிட்டாலும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரையை உட்கொண்டாலும்கூடச் சிறுநீர் சிவந்து தெரியும். ஆனால் மீதமுள்ள ஓரிருவரில் நீங்கள் ஒருவரா இல்லையா என்பதை வீட்டில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. இந்த நோய் கண்டறியப்படுபவர்களில் பெரும்பாலோர் 55 வயதைக் கடந்தவர்கள் என்பதால், உங்கள் வயதில் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவதற்கு நியாயமே இல்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்கு நோய் தசையைத் தொடாத நிலையிலேயே பிடிபடுகிறது. அந்த நிலையில் சிறுநீர்ப்பையை எடுக்காமலே சிகிச்சை தர முடிகிறது என்பதால்தான் உங்களை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கேள்வி: இதய நோய்க்காக ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையைச் சாப்பிட்டு வருகிறேன். சிறுநீரில் ரத்தம் கண்டதும், மாத்திரையால்தான் வந்தது என்று எண்ணி நானே நிறுத்திவிட்டேன். இப்போது ரத்தம் வரவில்லை. சரிதானே?

பதில்: சரியில்லை. முதலில், மாத்திரையை எழுதித் தந்த மருத்துவரிடம் இன்றே பேசுங்கள். அதைத் திடீரென்று நிறுத்துவதால் மாரடைப்போ பக்கவாதமோ வரக்கூடும். அடுத்தது, இந்த மாத்திரைகள் இருக்கிற கசிவைப் பெரிதாக்கிக் காட்டும், ஆனால் கசிவதற்கு உள்ளே ஓர் இடம் இருக்க வேண்டும். மாத்திரையின் மேல் பழியைப் போட்டுவிட்டு அந்த இடத்தைத் தேடாமல் இருப்பது பெரிய தவறு. மாத்திரை சாப்பிடாதவருக்கு என்னென்ன சோதனைகள் செய்ய வேண்டுமோ அவை அனைத்தும் உங்களுக்கும் செய்யப்பட வேண்டும். ஒரு விதத்தில் அந்த மாத்திரை உங்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லியிருக்கிறது.

கேள்வி: எனக்கு 54 வயது. ஓராண்டாக அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது. சிறுநீரை அடக்க முடியவில்லை, இரவில் நான்கைந்து முறை எழுந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தொற்று என்று சொல்லி ஆன்டிபயாடிக் தருகிறார்கள். கடைசியாக எடுத்த கல்ச்சரில் கிருமி வளரவில்லை என்று வந்தது. ஆனால் சிறுநீரில் ரத்த அணுக்கள் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். இது ஆண்களுக்கு வரும் நோய் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் பயப்பட வேண்டுமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆண்களுக்கு இந்த நோய் மூன்று, நான்கு மடங்கு கூடுதலாக வருகிறது என்பது உண்மை. அந்த உண்மையே பெண்களுக்குக் கெடுதலாகவும் முடிகிறது. பெண்களுக்குச் சிறுநீர்க்குழாய் நீளம் குறைவு, தொற்று எளிதில் வரும். ஆகவே சிறுநீரில் ரத்தம் என்றதும் தொற்று என்ற சொல் முதலில் வந்து நின்றுவிடுகிறது, பிறகு யாரும் அதைத் தாண்டி யோசிப்பதில்லை. மாதவிடாய் நின்ற பெண்களில் சிலர் அதைக் கர்ப்பப்பையிலிருந்து வரும் கசிவு என்று எண்ணிவிடுகிறார்கள். பெண்களுக்கு இந்த நோய் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படுவது ஆண்களைவிடக் கூடுதலாக இருப்பதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம்.

தொற்று உண்மையாகவே பலமுறை வந்திருக்கலாம்; மருந்து கொடுத்தவர்கள் எல்லோரும் தவறு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிருமி இல்லாமல் எரிச்சலும் ரத்த அணுவும் இருக்கும்போது கேள்வி மாறிவிடுகிறது. இந்தப் புற்றுநோயில் ஒரு வகை, கட்டியாக எழும்பாமல் உள்படலத்திலேயே தட்டையாகப் படர்வது. அது காட்டும் அறிகுறிகள் எரிச்சல், அவசரம், அடிக்கடி போவது என்று நீர்க்கடுப்பை அப்படியே ஒத்திருக்கும். தட்டையாக இருப்பதால் ஸ்கேனிலும் தெரியாமல் போகலாம். ஆனால் அதன் செல்கள் வீரியம் மிக்கவை என்பதால், அவை உதிர்ந்து சிறுநீரில் கலந்திருந்தால் சிறுநீர்ச் செல் பரிசோதனையில் பெரும்பாலும் அகப்படும். ஆகவே மீண்டும் ஓர் ஆன்டிபயாடிக் வாங்கிக்கொண்டு வராதீர்கள். கல்ச்சர் முடிவையும் ரத்த அணுக்கள் பற்றிய அறிக்கையையும் எடுத்துக்கொண்டு சிறுநீரகவியல் நிபுணரிடம் செல்லுங்கள். கிருமி இல்லை, ரத்தம் இருக்கிறது, காரணம் தெரிய வேண்டும் என்று இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இவ்வளவு சோதித்த பிறகு ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கலாம். அப்போது அடங்காத சிறுநீர்ப்பைக்கென்று தனியாக மருந்துகள் இருக்கின்றன.

கேள்வி: 30 ஆண்டுகள் புகைபிடித்து, ஐந்து ஆண்டுகளுக்கு முன் அடியோடு நிறுத்தினேன். புகை போவது நுரையீரலுக்கு. அதற்கும் சிறுநீர்ப்பைக்கும் என்ன தொடர்பு? என் அண்ணன் இளமையில் சாயத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருக்கும் இந்த நோய் வரலாம் என்கிறார்களே?

பதில்: புகையில் உள்ள நச்சு நுரையீரலோடு நிற்பதில்லை. அது அங்கிருந்து ரத்தத்தில் கலக்கிறது, ரத்தத்தைச் சிறுநீரகங்கள் வடிகட்டுகின்றன, வடிகட்டிய நச்சு சிறுநீரோடு சேர்ந்து சிறுநீர்ப்பைக்கு வந்து அங்கே மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது. உடலில் வேறு எந்த இடத்திலும் அந்த நச்சு இவ்வளவு செறிவாக, இவ்வளவு நேரம், ஒரே படலத்தைத் தொட்டுக்கொண்டு இருப்பதில்லை. புகையிலைப் புகையில் உள்ள அரோமாட்டிக் அமின்கள் என்ற வேதிப்பொருள்கள்தான் இதில் முதன்மையான குற்றவாளிகள். சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் புகைப்பழக்கமே காரணம். புகைபிடிக்காதவரோடு ஒப்பிட்டால் புகைபிடிப்பவருக்கு இது வரும் வாய்ப்பு குறைந்தது மூன்று மடங்கு. நுரையீரல் புற்றுநோய் பற்றி எல்லாப் பெட்டியிலும் படம் போட்டு எச்சரிக்கிறார்கள்; சிறுநீர்ப்பையைப் பற்றிப் புகைபிடிப்பவர்களில் பலருக்கு இன்றும் தெரியவில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

நீங்கள் நிறுத்தியது வீண்போகவில்லை. நிறுத்திய சில ஆண்டுகளிலேயே ஆபத்து இறங்கத் தொடங்கி, ஆண்டு கூடக் கூடக் குறைந்துகொண்டே போகிறது. என்றாலும் ஒருபோதும் புகைபிடிக்காதவரின் நிலைக்கு அது முழுமையாக இறங்கிவிடுவதில்லை என்பதால், சிறுநீரின் நிறத்தில் ஒரு கண் எப்போதும் இருக்கட்டும்.

உங்கள் அண்ணனைப் பற்றிய கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. 1895-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் லுட்விக் ரேன் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர், ஃபுக்சின் என்ற செஞ்சாயம் தயாரிக்கும் ஆலையில் வேலை செய்தவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டிகள் வருவதைக் கவனித்து அறிவித்தார். அடுத்த ஆண்டே, குத்துப்பட்ட மனித இதயத்தைத் தைத்து உயிர் காத்த முதல் மருத்துவர் என்ற பெயரும் பெற்றார். அந்தப் புகழ் இந்தக் கண்டுபிடிப்பை மறைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றும். தொழிலாளர்கள் சுவாசித்த ஆவியும் தோலில் பட்ட தூளும்தான் காரணம் என்பது வலுப்பட மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1938-இல் வில்ஹெல்ம் ஹ்யூப்பர் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும், சாயத் தொழிலில் புழங்கிய பீட்டா நாஃப்தைலமின் என்ற பொருள் நாய்களுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டியை உண்டாக்குவதைக் காட்டினர். அதே பொருள் புகையிலைப் புகையிலும் இருக்கிறது. அண்ணன் ஆலையில் தொட்டதும் தம்பி விலை கொடுத்து இழுத்ததும் ஒரே நஞ்சாக இருந்திருக்கலாம்.

சாயத் தொழில் மட்டுமல்லாமல் ரப்பர் தயாரிப்பு, அலுமினிய உருக்காலை, பெயின்ட் அடிக்கும் தொழில் ஆகியவற்றிலும் இந்த ஆபத்து கூடுதலாக இருப்பது உறுதிசெய்யப்பட்டிருக்கிறது. நச்சைத் தொட்ட காலத்துக்கும் நோய் வெளிப்படும் காலத்துக்கும் இடையே 20, 30 ஆண்டுகள்கூட ஓடிவிடும். ஆகையால் ஓய்வு பெற்றுப் பல காலம் ஆனவர்கள், மருத்துவர் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால் ஓய்வில் இருக்கிறேன் என்று நிறுத்திவிடாமல், இளமையில் பார்த்த வேலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குடிநீரில் நெடுங்காலம் கலந்திருக்கும் ஆர்சனிக், இடுப்புப் பகுதிக்குத் தரப்பட்ட கதிர்வீச்சு, சைக்ளோபாஸ்பமைடு என்ற புற்றுநோய் மருந்து ஆகியவையும் இந்த ஆபத்தைக் கூட்டுபவை.

கேள்வி: தலைக்கு அடிக்கும் சாயமும், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சாக்கரினும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கும் என்று கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. உண்மையா?

பதில்: சாக்கரின் பற்றிய அச்சம் 1970-களில் எலிகளிடம் நடத்திய ஆய்விலிருந்து வந்தது. எலியின் சிறுநீரில் அது உண்டாக்கிய படிகங்கள் உள்படலத்தை உராய்ந்ததால் கட்டி வந்தது. மனிதர்களின் சிறுநீரில் அப்படி நடப்பதில்லை என்று பின்னர் தெளிவாகி, 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் புற்றுநோய்க் காரணிகள் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. தலைச்சாயத்தைப் பொறுத்தவரை, அதை நாள்தோறும் கையாளும் முடிதிருத்துநர்களுக்கு ஆபத்து இருக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கருதுகிறது. எப்போதாவது தம் தலைக்கு அடித்துக்கொள்பவர்களுக்கு அப்படி முடிவு செய்ய ஆதாரம் போதவில்லை. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் கையுறை அணிவது நல்லது. அந்தச் செய்தியை அனுப்பியவர் புகைபிடிப்பவராக இருந்தால், முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: சிஸ்டோஸ்கோப்பி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சிறுநீர் வரும் வழியாகக் குழாயை விடுவார்களாம். நினைத்தாலே நடுங்குகிறது. ஸ்கேன் எடுத்தால் போதாதா?

பதில்: போதாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பெரிய கட்டி தெரியும். சிறியதும் தட்டையானதும் தப்பிவிடும். சி.டி. ஸ்கேன், சிறுநீரகத்தையும் அதிலிருந்து இறங்கும் குழாய்களையும் பார்ப்பதற்கு மிகவும் தேவை. ஆனால் சிறுநீர்ப்பையின் உட்சுவரை நேரில் கண்ணால் பார்ப்பதற்கு ஈடாக இன்றுவரை ஒன்றும் வரவில்லை. மாக்ஸ் நிட்சே என்ற ஜெர்மானிய மருத்துவர் 1870-களின் இறுதியில் முதல் சிஸ்டோஸ்கோப்பை உருவாக்கினார். அது விறைப்பான உலோகக் குழாய். உங்கள் மனதில் இருக்கும் படமும் அநேகமாக அதுதான்.

இப்போது என்ன நடக்கிறது என்பதை அப்படியே சொல்கிறேன். மேசையில் படுக்கச் சொல்வார்கள். மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைச் சிறுநீர்த் துவாரத்தில் செலுத்திச் சில நிமிடம் காத்திருப்பார்கள். அது குளிர்ச்சியாக இருக்கும், லேசாக எரியும். பிறகு பென்சிலைவிட மெல்லிய, வளையும் குழாய் உள்ளே போகும். ஆண்களுக்குப் புரோஸ்டேட் பகுதியைக் கடக்கும் சில நொடிகள்தான் கடினமானவை; அந்த நேரத்தில் மூச்சை இழுத்துப் பிடிக்காமல், சிறுநீர் கழிக்க முயல்வதுபோல் உடலைத் தளர்த்தினால் எளிதாகும். உள்ளே நீர் நிரப்பும்போது அவசரமாகப் போக வேண்டும் என்ற உணர்வு வரும். பார்த்து முடிக்க ஐந்து நிமிடம் போதும். விரும்பினால் நீங்களும் திரையைப் பார்க்கலாம். நலமான சிறுநீர்ப்பையின் உட்சுவர் வெளிறிய இளஞ்சிவப்பில், மெல்லிய ரத்தக்குழாய்கள் கொடிபோல் ஓட, பளபளப்பாகத் தெரியும். அதன்பின் ஓரிரு நாள் எரிச்சலும் சிறிது ரத்தமும் இருக்கலாம். காய்ச்சலோ குளிரோ வந்தாலும், சிறுநீர் போகாமல் அடைத்துக்கொண்டாலும் உடனே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். வெட்கமாக இருக்கிறது என்று கடிதத்தின் ஓரத்தில் சிறியதாக எழுதியிருக்கிறீர்கள். அதையும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொல்லலாம். மறைப்புத் துணி போட்டு, தேவையற்றவர்களை அறையிலிருந்து அனுப்பச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: என் கணவருக்குச் சிறுநீர்ப்பைக் கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். தசைக்குப் போகவில்லையாம். ஆனாலும் ஆறு வாரம் பி.சி.ஜி. மருந்து உள்ளே செலுத்த வேண்டும் என்கிறார்கள். அது குழந்தைகளுக்குப் போடும் காசநோய்த் தடுப்பூசி அல்லவா? கட்டியை எடுத்த பிறகு மருந்து எதற்கு?

பதில்: அதே பி.சி.ஜி.தான். இந்த நோய்க்கு ஒரு தனிக் குணம் உண்டு: எடுத்த இடத்தில் இல்லாவிட்டாலும் அதே படலத்தின் வேறு இடத்தில் மீண்டும் முளைக்கும். படலம் முழுவதும் ஒரே நஞ்சில் ஊறியது என்பதுதான் இதற்கு ஒரு விளக்கம். மருந்தும் தொடர் கண்காணிப்பும் தேவைப்படுவது அதனால்தான்.

கால்மெட், கெரன் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் மாட்டுக் காசநோய்க் கிருமியை வலுவிழக்கச் செய்து உருவாக்கிய இந்தத் தடுப்பூசி 1921-இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குத் தரப்பட்டது. காசநோய் இருந்தவர்களிடம் புற்றுநோய் குறைவாகக் காணப்படுவதாக 1929-இல் ரேமண்ட் பெர்ல் என்ற அமெரிக்க ஆய்வாளர் பிரேதப் பரிசோதனைகளின் அடிப்படையில் எழுதினார். 1976-இல் கனடாவில் ஆல்வரோ மொராலஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒன்பது நோயாளிகளின் சிறுநீர்ப்பைக்குள் இதைச் செலுத்திப் பலன் கண்டதை வெளியிட்டனர். வாரம் ஒன்றாக ஆறு வாரம் என்ற கணக்கு எப்படி வந்தது என்றால், மருந்து ஆறு குப்பிகள் கொண்ட தொகுப்பாக வந்ததால் என்று சொல்லப்படுகிறது. அந்த ஆறு இன்றும் மாறவில்லை. வலுவிழந்த கிருமி உள்படலத்தில் ஒட்டிக்கொள்ள, அதை எதிர்க்கப் படையெடுத்து வரும் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் புற்றுச்செல்களையும் சேர்த்துத் தாக்குகின்றன. ஆறு வாரத்துக்குப் பின்னும், நோயின் தீவிரத்தைப் பொறுத்து, ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை இடைவெளி விட்டுத் தொடர்வது உண்டு.

மருந்தை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உள்ளே அடக்கி வைத்திருக்க வேண்டும். உயிருள்ள கிருமி என்பதால், அதன்பின் ஆறு மணி நேரத்துக்கு உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் பிளீச்சிங் திரவம் ஊற்றிக் கால் மணி நேரம் கழித்து நீர் விட வேண்டும். எரிச்சலும் ஓரிரு நாள் உடல்வலியும் எதிர்பார்க்கக்கூடியவை. ஆனால் 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்து தணியாமல் இருந்தால் இரவானாலும் மருத்துவமனையை அழையுங்கள். சிறுநீரில் ரத்தம் வந்துகொண்டிருக்கும் நாளில் மருந்தைச் செலுத்தக் கூடாது. அன்று ரத்தம் கண்டால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். முதல் கண்காணிப்புச் சிஸ்டோஸ்கோப்பி பெரும்பாலும் மூன்றாம் மாதத்தில் வரும். அந்தத் தேதியைத் தவற விடாமல் பார்த்துக்கொள்வதைவிடப் பெரிய உதவியை நீங்கள் அவருக்குச் செய்துவிட முடியாது.

கேள்வி: என் தந்தைக்கு நோய் தசைக்குள் போய்விட்டது, வேறெங்கும் பரவவில்லை. சிறுநீர்ப்பையை எடுக்க வேண்டும் என்கிறார்கள். வயிற்றில் பை மாட்டிக்கொண்டு வாழ்வதைவிடச் செத்துப்போகலாம் என்று அப்பா பிடிவாதமாக மறுக்கிறார். இரண்டு மாதம் ஓடிவிட்டது. என்ன செய்வது?

பதில்: அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதைப் பிடிவாதம் என்று சொல்லாதீர்கள். ஆனால் அவர் எதை மறுக்கிறார் என்பதை முழுவதுமாகத் தெரிந்துகொண்டு மறுக்கிறாரா என்று பாருங்கள். சிறுநீர்ப்பையை எடுத்த பின், சிறுகுடலின் ஒரு சிறு துண்டைக் குழாயாக்கி வயிற்றின் வலப்பக்கம் திறப்பது ஒரு முறை. தோலோடு ஒட்டிய தட்டையான பை அங்கே இருக்கும், சட்டைக்குள் வெளியே தெரியாது, நாற்றமும் வராது. குடலின் நீளமான துண்டைப் பையாகத் தைத்துப் பழைய இடத்திலேயே பொருத்தி, இயல்பான வழியிலேயே சிறுநீர் போகச் செய்வது இன்னொரு முறை. அது எல்லோருக்கும் பொருந்தாது, அடக்கப் பழக மாதங்கள் ஆகும், இரவில் கசியலாம். மூன்றாவதாக, தகுந்த சிலருக்குக் கட்டியை இயன்றவரை சுரண்டி எடுத்துவிட்டு, கீமோதெரபியையும் கதிர்வீச்சையும் சேர்த்துத் தந்து சிறுநீர்ப்பையைக் காப்பாற்றும் வழியும் இருக்கிறது. உங்கள் தந்தை அதற்குத் தகுந்தவரா என்று நேரடியாகக் கேளுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து சேர்ந்த கீமோதெரபி தருவது ஆயுளைக் கூட்டுகிறது என்பதும் நிலைநாட்டப்பட்டிருக்கிறது. அவருடைய சிறுநீரகங்கள் அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஆண்களுக்கு இந்த அறுவையில் புரோஸ்டேட்டையும் எடுப்பதால் தாம்பத்திய வாழ்வு பாதிக்கப்படலாம். பலர் இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, வேறு காரணம் சொல்லி மறுப்பதை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவரிடம் அவர் தனியாகப் பேச வாய்ப்பு ஏற்படுத்துங்கள்.

பை மாட்டிக்கொண்டு நன்றாக வாழும் ஒருவரை அவர் நேரில் பார்ப்பது, நானும் நீங்களும் பேசும் எல்லாவற்றையும்விட மேலானது. பை பொருத்தியவர்களைக் கவனிக்கும் ஸ்டோமா செவிலியரிடம் கேட்டால் அத்தகைய ஒருவரின் சம்மதம் பெற்று அறிமுகம் செய்துவைப்பார். அறுவைக்கு முன்பே ஒரு வெற்றுப் பையில் சிறிது தண்ணீர் ஊற்றி வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு நாள் நடமாடிப் பார்க்கச் சொல்வதும் உண்டு. பலருடைய அச்சம் அன்று மாலைக்குள் பாதியாகிவிடும். ஆனால் நாள் கடத்தாதீர்கள். தசைக்குள் நோய் இருப்பது தெரிந்த பின் மூன்று மாதத்துக்கு மேல் சிகிச்சை தொடங்காமல் இருந்தவர்களுக்குப் பலன் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்களிடம் இருப்பது வாரங்கள்தான்.

கேள்வி: எங்கள் நூலக வாசகர் வட்டம் சார்பில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று நடத்த விரும்புகிறோம். வருகிற எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்யலாமா? என்ன பேசச் சொல்லலாம்?

பதில்: மகிழ்ச்சி. பல நாடுகளில் மே மாதம் இதற்கென்றே கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த மாதத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லோருக்கும் பரிசோதனை வேண்டாம். அறிகுறி எதுவும் இல்லாத பொதுமக்கள் அனைவருக்கும் சோதிப்பதால் உயிர்கள் காக்கப்படுகின்றன என்பதற்கு இதுவரை போதிய சான்று இல்லை. நுண்ணிய ரத்த அணுக்கள் வேறு பல காரணங்களாலும் தெரியும் என்பதால் பலரை வீணாகக் கலங்கடித்து அனுப்பிவிடுவீர்கள். அதைவிட மோசமாக, அன்று ரத்தம் இல்லாததால் ஒன்றுமில்லை என்று ஒரு நோயாளி நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடக்கூடும்.

ஒரு மணி நேரம் பேச வேண்டாம், இருபது நிமிடம் போதும். புகைக்கும் சிறுநீர்ப்பைக்கும் உள்ள தொடர்பு, வலியில்லாத ரத்தம், பெண்களின் தாமதம் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, மீதி நேரத்தைத் தனியாக வந்து கேட்பவர்களுக்கு விடுங்கள். சபையில் கைதூக்கிக் கேட்கிற விஷயம் அல்ல இது. சீட்டில் எழுதிப் போட ஒரு பெட்டி வைத்தால் உண்மையான கேள்விகள் அதில்தான் வரும். நோயிலிருந்து மீண்ட ஒருவர் விரும்பி வந்து பேசினால் என்னைப் போன்ற மருத்துவரைவிட அவர் பேச்சே மனதில் தைக்கும்.

சுவரொட்டி அடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நூலக வாசலில் ஒட்டுவதைவிடக் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். சிறுநீரின் நிறத்தை ஒருவர் பார்ப்பது அங்கேதான், யாருக்கும் தெரியாமல் முழுவதையும் படித்து முடிப்பதும் அங்கேதான். கண்ணாடி அணியாத முதியவருக்கும் தெரியும் அளவில் எழுத்து இருக்கட்டும். ஒருமுறை வந்து நின்றாலும், வலி இல்லாவிட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்ற செய்தி முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். அந்தக் கழிப்பறையின் விளக்கு மங்கலாக இருந்தால், சுவரொட்டிக்கு முன்னால் அதை மாற்றிவிடுங்கள்.